நெட்டு மட்டும் உள்ள சிம்

வாழவந்தி நாட்டிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மா தன் கணவரிடம் சொன்னது இது: “சிம்மே போடாத போனோட சிங்கப்பூர் போறவ நான் ஒருத்திதானுங்க.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இ-சிம்மு உள்ளயே ஏத்தியாச்சுன்னு மக சொன்னாளே?”

“அதுல நெட்டு மட்டுந்தானாம். வாட்சப்புலதான் கூப்புட முடியும். என்னைய ஏத்தி உட்டுட்டு நீங்க ஊட்டுக்குப் போயிருவீங்க. நம்மூட்டுல நெட்டே வராது. வெடியால அங்க தனியா எறங்குறவ, நல்லபடியா வந்துட்டேன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?”

“மொளகுக்காட்டுப் பாறை மேல வருமில்ல?”

“வெடியால பனியில, அந்த வழுக்குப் பாறையிலயா? மூட்டுவலிக்காரரு பேசுற பேச்சா!”



“மொதத்தடவையா நீ ஏரோப்பிளேனே ஏறுற. நான் பாறை ஏற மாட்டனா?”