ஆராய்ச்சியின் முதல் பாடம்

ஞாயிறு மாலை, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் பேருந்துக்கு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால், ஊரிலிருந்து வந்து கட்டுமான வேலை பார்க்கும் இருவர்.

“இன்னைக்கு என்னை ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணுச்சு மாப்ள.”

“உன்னையா?”

“யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணச் சொல்லிக் குடுக்குறாங்களாம். மொதப் பாடமே நான்தான். ‘இங்க என்னென்ன கஷ்டம்?’னு கேட்டுச்சு. நல்லாத்தான் இருக்கேன்னேன். பேனாவை மூடிருச்சு.”

“பதிலை முடிவு பண்ணிட்டுத்தான் கேள்வியே கேக்கணும்னு வாத்தியார் சொல்லியிருப்பாரு.”

“பாவம், மார்க் போயிருமேன்னு, வீட்டு ஞாபகம் வந்தா பாத்ரூம்ல போய் அழுவேன்னு சொன்னேன். ரெண்டு பக்கம் எழுதிட்டு, ‘தேங்க்யூ அங்கிள்’னு சந்தோசமாப் போச்சு.”

வரிசை சற்று நகர்ந்தது.

“நெசமாவே அழுவியா?”

“அதை அந்தப் பொண்ணே கேக்கல. நீ ஏன்டா கேக்குற?”