மலைமேல் நின்று பிடித்த விமானம்

அவைக்குத் தலைமை ஏற்று அமைதியே அணியாக வீற்றிருக்கும் ஐயா பழனியப்பன் அவர்களே! ஈப்போ நகரின் பெரியோர்களே! கோப்பெங்கிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் உறவுகளே! பாரிட் புந்தாரிலிருந்து ரயிலேறி வந்த நண்பர்களே! விடியுமுன் எழுந்து ரப்பர்ப் பால்மரக் காட்டில் உழைத்துவிட்டு, அலுப்பைப் பார்க்காமல் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

சென்ற மாதம் நம் ஈப்போ வானில் ஓர் அதிசயம் பறந்ததே, பார்த்தீர்களா? என்ன? பார்த்துவிட்டுப் பயந்து ஓடினோம் என்கிறாரா பின்வரிசை அண்ணன்? நீங்கள் மட்டுமா ஓடினீர்கள்? அடியேனும்தான் ஓடினேன்!

ஐரோப்பாவின் பெரிய யுத்தத்தில் சண்டையிட்ட ஆகாய விமானம் அது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டடுக்குச் சிறகு. இடியை விழுங்கியது போன்ற இரைச்சல். ஒரே ஒரு மாலைப் பொழுது குதிரைப் பந்தயத் திடலில் வித்தை காட்டிவிட்டு, மறுநாள் பினாங்குக்குப் பறந்துவிட்டது.

அதைப் படம் பிடிக்கத் துடித்தவர் நம் ஸ்டானிஸ்லாஸ். கடைத்தெருவில் சிறிய புகைப்படக் கடை வைத்திருப்பவர். ஆனால் அந்த வாரம்தான் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார். திடலுக்குள் காமிராவோடு நுழைய அனுமதியும் கிடைக்கவில்லை. "விடு எல்ஸி, நமக்குக் கொடுத்து வைக்கல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவர் மனைவி எல்ஸி விட்டாரா? விடவில்லை! விமானம் குனோங் ராபாட் மலையைச் சுற்றித் திரும்பும் என்று விளம்பரத்தில் படித்திருந்தார். "கீழ நின்னாத்தானே அனுமதி வேணும்? நான் மலை மேல ஏறுறேன். போயிட்டு வாரேன்" என்றார். காமிராப் பெட்டியைத் தூக்கினார். புறப்பட்டார்.

அந்த மலைக்கு வழி காட்டியவர் வீரம்மா. அடிவாரத் தோட்டத்தில் பால் வெட்டுபவர். விறகுக்காக ஏறி ஏறி அந்த மலையைப் பழகியவர். காமிராவைத் தாங்கும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். முள் கிழித்தது, பாறை சுட்டது. இருவரும் ஏறினார்கள், ஏறினார்கள், உச்சி விளிம்பை எட்டும்வரை ஏறினார்கள்!

அங்கே நடந்ததைக் கேளுங்கள். முக்காலியை ஊன்றியபோது அதன் கால் பாறை இடுக்கில் சிக்கிப் படீரென்று முறிந்தது. அதே நேரம் தூரத்தில் இரைச்சல்!

"போச்சே வீரம்மா! கையில பிடிச்சா படம் ஆடிப் போயிருமே!"

"என் முதுகு இருக்குலா அக்கா. இது மேல வைங்க."

"ஆடக்கூடாது. மூச்சுகூட விடக்கூடாது."

"பால் வாளி தூக்குற ஒடம்பு அக்கா இது. ஆடாது."

வீரம்மா குனிந்தார். இரு கையையும் பாறையில் ஊன்றினார். அந்த முதுகின்மேல் பெட்டி ஏறியது. உள்ளே இருந்ததோ படம் பதியும் ஒரே ஒரு கண்ணாடித் தகடு. தவறினால் மாற்றிப் போட நேரமில்லை.

விமானம் வந்தது! மலை அதிர்ந்தது, குகைக் குருவிகள் கூட்டமாய்ச் சிதறின, சரளைக் கற்கள் சரிந்தன. திடலில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்த விமானம், இவர்களுக்கு நேர் எதிரே வந்தது. தலையைச் சற்றே தூக்கினால் போதும், வீரம்மாவும் பார்த்திருக்கலாம். தூக்கினாரா? தாய்மார்களே, அவர் தூக்கவில்லை! கண்முன் இருந்தது கரும்பாறை. காதில் இருந்தது பேரிரைச்சல். ஆனாலும் அந்த உடம்பு அசையவில்லை!

இரைச்சல் தேய்ந்தது.

"எடுத்துட்டீங்களாக்கா?"

"எடுத்துட்டேன் வீரம்மா!"

"அப்ப நிமிரலாமா?"

நிமிர்ந்தார். வானத்தில் புகைதான் மிச்சமிருந்தது.

அன்று திடலில் எத்தனையோ காமிராக்கள்! அவற்றில் விழுந்த விமானமெல்லாம் கொசு அளவு. நம் எல்ஸியின் படத்தைக் கேள்விப்பட்ட அந்த விமானியே ஆளனுப்பி ஒரு பிரதி வாங்கிச் சென்றார் என்றால், நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாமா? தட்டுங்கள்! இன்னும் பலமாகத் தட்டுங்கள்!

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இதோ நம் சங்க மேடையில் திரை போட்டு மாட்டியிருக்கிறோம். திரையை விலக்கப் பெரிய மனிதர் யாரையாவது அழைக்கலாம் என்றார்கள். எல்ஸி மறுத்துவிட்டார். "வீரம்மா இன்னும் பாக்கல. அவதான் மொதல்ல பாக்கணும்" என்றார்.

வீரம்மா, மேடைக்கு வாருங்கள் அம்மா. வழி விடுங்கள் ஐயா. அந்தக் கயிற்றை இழுங்கள்.

ஆகா! பாருங்கள் சபையோரே! சிறகுகளைக் கட்டிய கம்பிகள் தெரிகின்றன! விமானியின் கழுத்துத் துணி காற்றில் பறப்பது தெரிகிறது! என்னம்மா கேட்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"யாருக்கக்கா அவரு கையக் காட்டுறாரு?"

எல்ஸி, நீங்களே பதில் சொல்லுங்கள்.

"நமக்குத்தான் வீரம்மா."

இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? செவி தந்த தலைவருக்கும், திரண்டு வந்த உங்களுக்கும் என் நன்றி. பாறைமேல் குனிந்த அந்தத் தாய்க்கு என் வணக்கம், அனைவருக்கும் வணக்கம்!