உள்ளங்கை ஈரம்

அக்கா: கையை நீட்டுடா.

தம்பி: என்னக்கா நீ... இன்னும் சின்னப் பிள்ளை விளையாட்டு.

அக்கா: நீட்டுன்னா நீட்டு. சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிட்டு எறும்பு மேல பழி போட்டியே, எப்படிக் கண்டுபிடிச்சேன்? இதே மணிக்கட்டுதான்.

தம்பி: வாயெல்லாம் சர்க்கரை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நாடியாம் நாடி!

அக்கா: அன்னைக்கு விளையாட்டு. இப்ப எனக்கு அதுதான்டா சோறு போடுது. ஆபரேஷன் டேபிள்ல படுத்திருக்கறவங்க கையைப் பிடிச்சா, வலிக்குதா பயப்படறாங்களான்னு சொல்லிடுவேன்... சரி, சொல்லு. உங்க மாமாவை எங்க இறக்கி விட்ட?

தம்பி: எத்தனை தடவை சொல்றது? பஸ் ஸ்டாண்டுல. ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறேன்னாரு. ஹெல்மெட்டைக் கழட்டி எங்கிட்டக் கொடுத்தாரு. போயிட்டாரு.

அக்கா: கோவமா போனாரா?

தம்பி: அவரு என்னைக்குச் சிரிச்சுக்கிட்டுப் போனாரு?

அக்கா: ம்...

தம்பி: என்ன? நாடி என்ன சொல்லுது, நர்ஸம்மா?

அக்கா: ஒண்ணுமே சொல்லலை. நிதானமா அடிக்குது.

தம்பி: பார்த்தியா? மடியில கனமில்லை, வழியில பயமில்லை.

அக்கா: அப்புறம் ஏன்டா அன்னைக்கிலேர்ந்து இந்தப் பக்கமே வரலை? புருஷனைக் காணோம்னு ஒருத்தி ஒண்டியா உட்கார்ந்திருக்கா. கூடப் பிறந்தவன் எட்டிப் பார்க்கலை.

தம்பி: ரிகர்சல்க்கா... விட மாட்டேங்கறாங்க.

அக்கா: சாயங்காலம் உங்க மாமாவோட அண்ணன் வர்றாருன்னு போன்லயே சொன்னேனே. அவரும் இதையேதான் கேட்பாரு.

தம்பி: கேட்கட்டும். நானும் இதையேதான்... ஐயோ! என்னக்கா இது! தட்டு... காலைப் பார்த்து வை, பீங்கான் குத்திடும்.

அக்கா: நகராதே. கையை எடுக்காதே.

தம்பி: வேணும்னேவா தள்ளி விட்ட? பைத்தியமா உனக்கு?

அக்கா: நீ கத்தின. உன் தோள் தூக்கிப் போட்டுச்சு. நாடி மட்டும் துள்ளவே இல்லை. மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வெச்சவங்களுக்குத்தான்டா இப்படி இருக்கும்... மாத்திரை போட்டிருக்கியா?

தம்பி: என்ன மாத்திரை?

அக்கா: எங்கிட்டயேவா? மேடையில வயலின் வில்லு நடுங்காம இருக்கறதுக்குப் போடுவியே, அது.

தம்பி: ஓ... அதுவா. ஆமா. ராத்திரி வாசிக்கணும்.

அக்கா: எங்க?

தம்பி: ஒரு... கல்யாணத்துல.

அக்கா: வயலின் எங்க?

தம்பி: வீட்டுல... போய் எடுத்துக்கணும்.

அக்கா: வயலினை விட்டுட்டு மாத்திரையை மட்டும் எடுத்துக்கிட்டு வந்திருக்க. இன்னைக்குக் கச்சேரி அவங்க அண்ணன் முன்னாடிதான், இல்லையா?

தம்பி: அவரு முறைச்சுப் பார்த்தாலே எனக்குப் படபடங்கும். உனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் போட்டேன். வேற ஒண்ணுமில்லை.

அக்கா: உள்ளங்கையைத் திருப்பு.

தம்பி: எதுக்கு?

அக்கா: திருப்புடா.

தம்பி: ஒரே புழுக்கம்க்கா இங்க...

அக்கா: ஃபேன் முழு வேகத்துல ஓடுது. நீ கை வெச்ச இடத்துல மேசை நனைஞ்சிருக்கு பாரு. இந்த மாத்திரை நெஞ்சுக்குப் பூட்டுடா. பயம் வந்தா அட்ரினலின் ஊறிக்கிட்டுப் போய் நெஞ்சைத் தட்டும். மாத்திரை அந்தக் கதவைச் சாத்திடும். கை நடுக்கமும் நின்னுடும். ஆனா வேர்வைக்கு வேற நரம்பு, வேற வழி. அந்தக் கதவு பக்கம் இது எட்டிக்கூடப் பார்க்காது. பாதி உடம்புதான் பொய் சொல்லுது உனக்கு.

தம்பி: நீ ரொம்பத்தான்... ஷ்! உள்ள யாரு?

அக்கா: யாருமில்லை.

தம்பி: சுவத்தைப் பிறாண்டற சத்தம் கேட்குது.

அக்கா: பூனை.

தம்பி: பூனை மயிர் பட்டாலே உனக்குத் தும்மல் வருமே. எப்ப வாங்கின பூனை?

அக்கா: ஜன்னல் வழியா வந்திருக்கும். பேச்சை மாத்தாதே.

தம்பி: அக்கா... இப்ப கேட்டுச்சா?

அக்கா: என்னது?

தம்பி: தண்ணின்னு... யாரோ மெதுவா...

அக்கா: பக்கத்து வீட்டு டிவி.

தம்பி: இல்லைக்கா. இது மாமா குரல்.

அக்கா: மாமா பஸ் ஸ்டாண்டுலதானே இறங்கினாரு? அங்கேயிருந்து கூப்பிட்டா இங்க கேட்குமா?

தம்பி: மறுபடியும்... தண்ணி, தண்ணின்னு... தொண்டை ஒட்டிப்போன மாதிரி. தண்ணிக்குள்ள போனவரு எதுக்குக்கா தண்ணி கேட்கிறாரு?

அக்கா: எந்தத் தண்ணிக்குள்ள? சொல்லுடா. எந்தத் தண்ணி?

தம்பி: பயமா இருக்குக்கா. ஆனா நெஞ்சு அடிக்கவே மாட்டேங்குது. வேற யாரோ பயப்படறாங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறேன்... அப்படி இருக்கு.

அக்கா: சொல்லிடு. கையை நான் விடலை.

தம்பி: பழைய கல்குவாரிக்கிட்ட வண்டியை நிறுத்தச் சொன்னாரு. ஒதுங்கிட்டு வந்து, பள்ளத்து ஓரமா நின்னு சிகரெட் பத்த வெச்சாரு. என்ன நெனச்சாரோ... சிரிச்சாரு. போன வருஷம் உன் முழங்கை உடைஞ்சது மாடிப்படியில வழுக்கி இல்லையாமே.

அக்கா: அதை அவரே சொன்னாரா?

தம்பி: 'உங்க அக்கா எலும்பு சுள்ளி மாதிரிடா, பட்டுன்னு போயிடுச்சு'ன்னாரு. நீ ஏன்க்கா எங்கிட்டச் சொல்லலை?

அக்கா: சொன்னா நீ என்ன செய்வேன்னு தெரியும். அதான் சொல்லலை... கை தெரியாம பட்டுடுச்சா?

தம்பி: இல்லை. தள்ளணும்னுதான் தள்ளினேன். ரெண்டு கையாலயும். கீழே தண்ணி கருப்பா கிடந்துச்சு. ஒரு கை மேல வந்துச்சு... நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டேன்.

அக்கா: திரும்பிப் பார்த்தியா?

தம்பி: இல்லை. ஹெல்மெட் இன்னும் என் வீட்டுலதான் இருக்கு. அதைப் பார்க்கறப்பெல்லாம் உள்ள தலை இருக்கோன்னு தோணுது. திட்டுக்கா. நாலு அறை விடு.

அக்கா: கோவமே வரலைடா. உன்னை இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நான். நீ கொலை பண்ணக் கை ஓங்கினேன்னு கேட்டதும் முதல்ல மனசு குளுந்துச்சு. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

தம்பி: அக்கா... கொஞ்சம் நிமிரு. வெளிச்சத்துக்கு வா.

அக்கா: ஏன்?

தம்பி: உன் கண்ணுக்கு என்ன? இடது கண்ணுல கருமணி முழுக்க விரிஞ்சு கிடக்கு. வலது கண்ணுல கடுகளவுதான் இருக்கு. ரெண்டு பேரு ஒரே முகத்துல இருந்து பார்க்கற மாதிரி...

அக்கா: அதுவா? கண் பரிசோதனைக்கு விடுவாங்களே, சொட்டு மருந்து. விரல்ல இருந்திருக்கும். கவனிக்காம கண்ணைக் கசக்கிட்டேன். எங்க நர்ஸுங்க எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடக்கும்.

தம்பி: எப்ப கசக்கின?

அக்கா: காலையில.

தம்பி: மாமாவைக் காணோம்னதுலேர்ந்து நீ லீவுல இருக்க. ஆஸ்பத்திரிப் பக்கமே போகலைன்னு நீதானே போன்ல சொன்ன? வீட்டுல யாருக்குக்கா சொட்டு மருந்து?

அக்கா: நர்ஸ் வேலைக்கு வந்திருக்கலாம்டா நீ.

தம்பி: சிரிக்காதே. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டுச் சிரிக்காதே.

அக்கா: கண்ணுல விட்டா கருமணி விரியும், அவ்வளவுதான். வயித்துக்குள்ள போனா சங்கதியே வேற. வாய் காயும், எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்காது. மேல் கொதிக்கும், ஆனா ஒரு பொட்டு வேர்க்காது. இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிவாங்க. காத்துல நூல் பிரிச்சுக்கிட்டே இருப்பாங்க... சுவத்தைப் பிறாண்டுவாங்க.

தம்பி: யாருக்கா? யாரு உள்ள?

அக்கா: நீதான் திரும்பிப் பார்க்கலையே. அவரு அன்னைக்கு ராத்திரியே எப்படியோ கரையேறி, சேறும் சகதியுமா நடந்தே வீடு வந்து சேர்ந்தாரு. 'உன் தம்பி என்னைத் தள்ளிட்டான், ஜெயில்ல போடாம விட மாட்டேன்'னாரு. இப்பவும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு. கூடவே, சுவரெல்லாம் எறும்புங்கறாரு, செத்துப்போன அவங்க அம்மா கட்டில்ல உட்கார்ந்து தலை வாருறாங்கன்னும் சொல்றாரு. அண்ணன் வந்தா எல்லாத்தையும் சேர்த்துத்தானே கேட்பாரு? எதை நம்புவாரு? உன்னைப் பத்திச் சொன்னது மட்டும் பொய்யா இருந்தா தண்ணியில சொட்டு விடறதை இன்னைக்கோட நிறுத்திடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் உன் கையைப் பிடிச்சேன்... சரி, எழுந்திரு. இந்தா டம்ளர், நீயே கொண்டு போய்க் கொடு. மாத்திரை போட்டிருக்கியே, கை நடுங்காது.