பதினோராவது குப்பி

மருந்துக் குப்பியைக் குலுக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் வார்டு சிஸ்டருக்குத் தெரியும், தெரிந்தே குலுக்கினார்.

நான் இம்மருத்துவமனையின் மருந்தாளுநன். என் மேசையில் எல்லாம் ஒரே திசை நோக்கியிருக்கும் என்பதால் வார்டில் எனக்குக் குண்டூசி என்று பெயர். பொருத்தமான பெயர்தான், வருத்தமில்லை.

எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையாத ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நுரையீரலைப் பிடித்தால், கிருமியைவிட அது கக்கும் நஞ்சே ஆளைச் சாய்க்கிறது. நாங்கள் சோதித்த மருந்து கிருமியைத் தொடாது. நஞ்சை மட்டும் கட்டிப்போடும். பல் பிடுங்கிய பாம்பாகக் கிருமி கிடக்கும். உடம்பு அதை மெல்ல வெளியேற்றிவிடும். வழக்கமான சிகிச்சையுடன், பாதிப் பேருக்கு அம்மருந்தையும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரையும் கொடுத்து ஒப்பிட்டோம். யாருக்கு எது என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். அது எனக்கு மட்டுமே தெரியும். எவரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன்.

குலுக்கினால் மருந்து லேசாக நுரைக்கும். உப்புநீர் நுரைக்காது. சிஸ்டர் இதைக் கண்டுகொண்டார். ஒரே நாளில் இரண்டு நோயாளிகள் சேர்ந்தால், எண் ஒட்டிய தாளை உரித்து மாற்றி ஒட்டி, நுரைப்பதை மோசமாக இருப்பவருக்குப் போட்டுவிடுவார். காலிக் குப்பிகள் என்னிடம் திரும்பிவரும். உப்புநீருக்குரிய எண் தாங்கிய குப்பியின் கழுத்தில் ஒருநாள் நுரை காய்ந்த வளையத்தைப் பார்த்தேன். தேடியதில் அப்படிப் பதினொன்று இருந்தன.

மேலிடத்தில் சொல்லியிருந்தால் நான்காண்டு உழைப்பு குப்பைக்குப் போயிருக்கும். சிஸ்டரிடமே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால், எது மருந்து என்பதை நானே ஒப்புக்கொண்டதாகும். விதியில் அதற்கு இடமில்லை, ஐயா. தராசு ஒரு பக்கம் பதினோர் எடைக்கல் அளவு சாய்ந்திருந்தது. மறுபக்கமும் பதினொன்று வைத்தால் நேராகிவிடும். இதில் கோபமோ பகையோ இல்லை.

அன்றுமுதல் உப்புநீரில் நுரைக்கும் திரவம் இரண்டு துளி சேர்த்தேன். தீங்கற்றது, பல ஊசிமருந்துகளில் இருப்பதுதான். என் உப்புநீர் மருந்தைவிட அழகாக நுரைத்தது.

"குண்டூசி சார், இப்ப வர்றது நல்லாவே இருக்கு போல," என்றார் சிஸ்டர்.

"எது எப்படி இருக்குன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க."

"நல்லவேளை, நீங்க யாரையும் கட்டிக்கல. சாப்பாட்டுல உப்பு இருக்கான்னு கேட்டாக்கூடக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் சொல்லுவீங்க."

நான் சிரித்தேன். அவர் நல்லவர். இரக்கம் ஒன்றே அவர் பிழை.

மறுபக்கத்தில் பத்துக் கல் ஏறியிருந்த நிலையில், ஒரு காலை, என் அக்காவின் கணவரைக் கொண்டுவந்தார்கள். பேருந்து ஓட்டுநர். முழங்கால் அறுவைக்குப் பின் பற்றிய கிருமி நெஞ்சுக்கு ஏறியிருந்தது. அதே காலை, இருமலோடு தன் காலில் நடந்தே வந்த தையல்காரர் ஒருவரும் சேர்ந்தார். சீட்டில் அத்தானுக்கு மருந்து விழுந்தது, தையல்காரருக்கு உப்புநீர்.

அத்தான் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "மாப்ளே, எனக்குப் பச்சைத்தண்ணிய ஊத்தி அனுப்பிடாத. பதினெட்டு வருஷமா உங்க அக்காவைச் சமாளிச்சவன். கொஞ்சம் பார்த்துப் பண்ணு."

"சொல்ல அனுமதி இல்லை, அத்தான்."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறிற்று.

பத்து மணிக்குச் சிஸ்டர் என் அறை வாசலில் நின்றார். "பயப்படாதீங்க சார். உங்க அத்தானுக்கு நல்லதாப் பார்த்துப் போட்டிருக்கேன். மேல எதுவும் கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. நன்றி சொன்னேன்.

மாலைக்குள் மருந்தைப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்றால், இருந்திருக்கும். குளிர்பெட்டியில் பத்தொன்பது குப்பிகள் இருந்தன. ஆனால் பத்தோடு நிறுத்தினால் ஒரு கல் குறையும்.

அத்தான் மூன்றாம் நாள் போனார். தையல்காரர் ஐந்தாம் நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார். மிக நல்ல மருந்து, ஐயா. நான் அதை ஒருபோதும் சந்தேகித்ததில்லை.

மறுபக்கத்துப் பதினொருவரில் எண்மர் பிழைக்கவில்லை. எண்மரும் என்னால் இறந்தவர்களே என்று எழுதிக்கொள்ளுங்கள். எட்டு என்பதை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பது நல்லது. பதினொன்று நிறைந்த மறுநாளே நான் துளி சேர்ப்பதை நிறுத்திவிட்டேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா நேற்று என்னைப் பார்க்க வந்தாள். "நீ அங்க இருந்ததாலதான்டா அவருக்கு அந்த மருந்தாவது கிடைச்சுது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. பதிவேட்டில் அத்தானின் பெயருக்கு நேரே மருந்து என்றுதான் இருக்கிறது. அக்காவிடம் நான் இன்றுவரை ஒரு பொய் சொன்னதில்லை.