கதவுக்கு வெளியே பெரட்டு

1926 மார்ச் 9, செவ்வாய். காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில், கணக்கப்பிள்ளையான நான் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுத்தேன். பெயரை இரண்டு முறை கூப்பிட்டும் பதில் சொல்லாதவருக்கு அன்று ‘பேர்’, அதாவது நாள் கூலி, கிடையாது; வேலையும் கிடையாது. பிறகு பதுளைக்குப் போய்த் தபால் வேலையை முடித்துக்கொண்டு மதிய ரயிலில் திரும்பினேன்.

எதிரே பசறைப் பக்கத்துத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் கழுத்துக் கட்டியைக் எக்ஸ்ரே கதிர் மெஷினில் கரைக்க, இரண்டாம் முறையாகக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

“நான் வரலைங்க. அடுத்த டேசன்ல எறங்கிருவோம்.”

“கட்டி சுருங்கியிருக்குன்னாரே டாக்டரு. இப்ப விட்டா மறுபடி வளருமாம், புள்ள.”

“கதவச் சாத்திட்டு எல்லாரும் ஓடிர்றாங்க. ஒத்தையில கெடக்கணும்.”

“நான் வெளிய நின்னு தோட்டத்துல மாதிரி பெரட்டு கூப்பிடுறேன். நீ கேட்டுக்கிட்டே படுத்திரு.”

“போன தடவையும் அதுலதான் பயம் தெளிஞ்சுச்சு. ஆனா ஏங்க, நம்ம தோட்டத்துல காய்ச்சல்ல செத்தவங்க பேராக் கூப்பிட்டீங்க? ஒவ்வொருத்தரா ‘வந்திருக்கேன்’னாங்களே.”

அவன் ஜன்னலை இறக்கிச் சாத்தினான்.

“நீ பயப்படுவேன்னு சொல்லல. அன்னிக்கு என்னைய ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ளயே விடல.”

ஒரு சுரங்கம் கடந்தது.

“அப்ப, நாளைக்கு என் பேரு வந்தா?”

“வாயத் தொறக்காத. ஒரு நாள் பேர் போனாப் போகட்டும்.”

அவள் சிரித்துவிட்டாள். பண்டாரவளையில் நான் இறங்கினேன். அவள் இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரட்டு எடுத்தேன். மூன்றாவதாகக் கூப்பிட்ட பெண் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை நான் கூப்பிடவில்லை.