மல்லாட்டைக் கொல்லையில் விழுந்து ரக்பி வளர்த்த அம்சா டீச்சருக்கு

பந்து என்றால் உருண்டை என்றே நம்பியிருந்த பள்ளியில் முட்டை வடிவப் பந்தை முதன்முதல் பறக்கவிட்ட பெருந்தகையே! முப்பத்தோராண்டு விசிலோசையால் திண்டிவனத்து வெயிலையும் வரிசையில் நிற்கவைத்த வித்தகியே! எங்கள் உடற்கல்வி ஆசிரியை அம்சா அவர்களே, வணக்கம்! நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால், அவையோருக்குச் சொல்வதுபோல் சொல்கிறோம், அமர்ந்து கேட்டருள்க.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் டீச்சர் கேட்டது ஆறு கால்பந்து. வந்தது ஆறு ரக்பி பந்து. பார்சலில் நசுங்கிவிட்டதென்று இரண்டு நாள் காற்றடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் உண்மை தெரிந்ததும், திருப்பி அனுப்பாமல் விதிமுறைகளைத் தேடிப் படித்தார். நம் நாட்டு ஆண்கள் 1998இலேயே முதல் சர்வதேச ஆட்டம் ஆடிவிட்டார்கள் என்பதும், பெண்களுக்குப் பதினைந்து பேர் ஆடும் அணியே இல்லை என்பதும் தெரியவந்தது. அன்று முதல் ஆசிரியர் அறையில் தேநீரோடு இந்த வரலாறும் எங்களுக்குத் தினமும் கிடைத்தது.

2018இல் அந்தப் பெண்கள் அணி அமைந்தது. டீச்சரிடம் ரக்பி பழகி, பிளஸ் டூ முடித்திருந்த எங்கள் கலைமதிக்குத் தேர்வு முகாமிலிருந்து அழைப்பு வந்தது. திருவக்கரைப் பக்கம் மல்லாட்டை பயிரிடும் அவள் தந்தை ஜெகதீசன் மறுத்துவிட்டார். கை கால் முறிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். டீச்சர் கடலைக் கொல்லைக்கே போய் அரைமணி நேரம் விளக்கியும் அவர் களை வெட்டிக்கொண்டிருந்த களைக்கொட்டைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கலை, நான் ஓடி வர்றேன். நீ புடிச்சி சாய்ச்சுக் காட்டு. அப்பா பாக்கட்டும்."

கலைமதி தயங்கினாள். டீச்சர் விசில் ஊதினார். விசிலுக்குத் தயங்கும் வழக்கம் எங்கள் பள்ளியில் இல்லை. ஐம்பத்திரண்டு வயது டீச்சர் இரண்டு பாத்தி தாண்டிப் போய் விழுந்தார். தோளில் காரை எலும்பு முறிந்த ஓசை ஜெகதீசன் வரைக்கும் கேட்டது. வானத்தைப் பார்த்துக் கிடந்தபடியே டீச்சர் சொன்னார்:

"பாத்துக்கினீங்களா? உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆவல."

ஜெகதீசன்தான் டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கட்டுப் போட்டு முடிந்ததும் தாமாகவே படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார். இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு இவள் வீட்டில் இருந்தால் எங்களுக்குத்தான் ஆபத்து என்றாராம்.

முகாமில் தேர்வாகி, சிங்கப்பூரில் அந்நாட்டு அணிக்கு எதிராகக் கடைசிப் பத்து நிமிடம் கலைமதி களமிறங்கினாள். அணிக்கு அதுவே முதல் தொடர். ஆடிய இரண்டிலும் தோல்வி. செய்தி வந்ததும் டீச்சர் கையில் கட்டோடு பள்ளி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். தோற்றதற்கா இனிப்பு என்று தலைமையாசிரியை புனிதா வியந்தார்.

"இதுவரைக்கும் தோக்கறதுக்குக்கூட டீம் இல்லீங்க மேடம். இப்பதான் வந்திருக்குது."

மறு ஆண்டு அதே சிங்கப்பூரை நம் பெண்கள் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். அணியின் முதல் வெற்றி. அன்று டீச்சர் உடற்கல்வி அறையைச் சாத்திக்கொண்டு ஒரு பீரியட் முழுக்க அழுதார். இனிப்பை நாங்கள்தான் வாங்கினோம்.

அன்புக்கு அணையில்லா அம்மையே! ஓட்டமும் உடல்நலமும் குறையாமல், உற்றார் சூழ நூறாண்டு வாழ்க! இன்று பணி நிறைவு பெறும் தாங்கள், நாளை முதல் முழு ஓய்வு என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கலைமதி குயிலாப்பாளையத்தில் தொடங்கும் பயிற்சி அணிக்குப் பயிற்சியாளராகத் தங்கள் பெயரே முதலில் பதிவாகியிருப்பதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டார் முன்வரிசையில் அமர்ந்திருப்பதை இப்போதுதான் கவனிக்கிறோம்.

மன்னிப்பும் வாழ்த்தும் ஒருங்கே வேண்டும்,
பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும்
திண்டிவனம்