துருத்தியில் ஒரு கசிவு

டீக்கு நன்றி, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை, சூடாக இருக்கிறது. உங்கள் கான்ஸ்டபிள் என் கேமராவைத் தூக்கி வந்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ காய்கறிக் கூடை மாதிரி ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்புத் துணி இருக்கிறதல்லவா, அதற்குப் பெயர் துருத்தி. அது நைந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். புகுந்தால் படம் பாழ்.

எங்கே ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். எனக்கு எந்தப் பொருளையும் தூக்கிப் போட மனசு வராது. அங்கேதான் ஆரம்பித்தது.

என் பிழைப்பு ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பது. மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு இன்னும் எவ்வளவு ஆயுசு என்று சொல்லிவிடுவேன். கடைக்காரர்கள் என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள், கிண்டலாகத்தான். ஒரு வக்கீல் ஆபீஸில் பழைய மெஷின் ஒன்று இருந்தது. உள்ளே இருந்த லென்ஸ் அப்படி ஒரு லென்ஸ், உள்ளங்கையில் வைத்தால் கனக்கும். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் கதை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். வக்கீலிடம் சொன்னேன், நம்பினார். பழுது பார்ப்பவனே முடிந்துவிட்டது என்றால் அப்புறம் யார் எதிர்த்துப் பேசப் போகிறார்கள்? மெஷின் காயலான் கடைக்குப் போனது, லென்ஸ் என் பைக்குள் வந்தது.

அந்த லென்ஸை வைத்துத்தான் பெரிய கேமரா கட்டும் ஆசை பிடித்துக்கொண்டது. கையடக்க கேமராக்களில் ஃபிலிம் ஒரு தபால்தலை அளவுதான். என்னுடையதில் ஒரு புத்தகத்தின் அட்டை அளவு ஃபிலிம் போகும். அதில் ஒரு முகத்தை எடுத்தால் புருவத்து முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். போனில் எடுக்கும் படமெல்லாம் அதன் கால்தூசிக்குப் பெறாது.

பெட்டிக்குப் பலகை அக்காவின் அலமாரியிலிருந்து வந்தது. அதில் ஒரு கதவு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்றையும் கழற்றினேன். பின்பக்கம் பிம்பம் விழுவதற்கு மங்கல் கண்ணாடி வேண்டும். குளியலறை ஜன்னலில் இருந்தது அளவெடுத்த மாதிரி பொருந்திவிட்டது. அக்கா அந்த ஓட்டையில் ஒரு துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டாள். "நான் குளிக்கிறத ஊரே பாக்கட்டும்டா. உன் பெட்டிக்குக் கண்ணு தெரிஞ்சா சரி" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், எதையும் சிரித்தே கரைத்துவிடுவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "எல்லாரும் பொண்ண பொண்ணு வீட்டுல எடுப்பாங்க, என் தம்பி காயலான் கடையில எடுத்துக் கட்டிக்கிட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

துருத்திக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. அது அத்தானின் மழைக்கோட்டு. அத்தான் போய்ச் சில வருஷங்களாகிவிட்டன, கோட்டு மட்டும் அலமாரியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. போட்டுக்கொள்ள ஆள் இல்லாத கோட்டு. அக்கா அவ்வப்போது அதை எடுத்து முகர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். முகர்வது ஓர் உபயோகமா, நீங்களே சொல்லுங்கள். கறுப்பான, கெட்டியான, வெளிச்சம் ஊடுருவாத துணி. வெட்டி, மடித்து, ஒட்டினேன். அவள் அன்று எனக்குச் சோறு மட்டும் போட்டாள். மறுநாள், "போன மனுஷனே திரும்பி வரப்போறதில்ல, கோட்டு இருந்து என்ன" என்றாள். அவளுக்கே புரிந்துவிட்டது பாருங்கள்.

ஃபிலிம் எனக்குக் கட்டுப்படியாகாது. ஸ்கேன் சென்டர் ஒன்றில் காலாவதியான எக்ஸ்ரே ஃபிலிமைக் குப்பையில் போடவிருந்தார்கள், வாங்கி வந்தேன். பழைய ஃபிலிம் மந்தமாக இருக்கும். போதாததற்கு, படம் கூர்மையாக விழவேண்டும் என்பதற்காக லென்ஸுக்கு முன்னால் சின்னத் துளை போட்ட தகரத்தை வைத்திருந்தேன். ஆகவே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் ஆகும். மூன்று நிமிடமும் எதிரே இருப்பவர் அசையக் கூடாது. கண் சிமிட்டலாம், உதடு லேசாகத் துடிக்கலாம். சின்னச் சின்ன அசைவுகளை இந்தப் பெட்டி மன்னித்துவிடும். குறுக்கே ஒருவர் நடந்துபோனால்கூடப் படத்தில் விழமாட்டார். உட்கார்ந்திருப்பவர் உடம்பு ஆடினால்தான் மன்னிக்காது.

அக்காவுக்கு ஆஸ்துமா. சும்மா உட்கார்ந்திருந்தாலே தோள் ஏறி இறங்கும். நான் எடுத்த எல்லாப் படத்திலும் நாற்காலி தெளிவாக இருக்கும், பின்னால் இருக்கும் பூ ஜாடி தெளிவாக இருக்கும், முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்கும். ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்கு மூஞ்சியே இல்லாமப் பண்ணிட்டியேடா" என்றாள். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா செத்த பிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அந்த முகத்தை ஒரே ஒரு தடவை உள்ளது உள்ளபடி எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா?

சமையலறையில்தான் ஃபிலிம் கழுவுவேன். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தேன், காற்று போகாது. ஃபிலிம் கழுவும் மருந்தின் நெடி அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இழுப்பு அதிகமாகியது. முன்பெல்லாம் எப்போதாவது மூச்சுத் திணறலுக்கு மெஷின் வைத்து மருந்துப் புகை பிடிப்பாள், பிறகு தினமும் பிடிக்கவேண்டியிருந்தது. அவள் மகள் போன வாரம் வந்தாள். வாசலில் நுழையும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "மாமா, ஆரோக்கியமா இருக்கற எனக்கே தொண்டைய அடைக்குது, அம்மா எப்படி மாமா இதுல மூச்சு விடுவாங்க? ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போயிடறேன். இனிமே எங்கூடதான்" என்றாள். அக்கா மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். பெட்டியில் புடவையை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பார்த்து, "போறதுக்குள்ள ஒண்ணாவது ஒழுங்கா எடுடா" என்றாள். அதை அவள் வாயாலேயே சொன்னாள். எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகள் வருவதாக இருந்தது. காலை பத்து மணிக்கு முன்னறையில் வெளிச்சம் அருமையாக இருக்கும். நாற்காலியை ஜன்னலோரம் போட்டேன். உடைந்த ஃபேன் கம்பியில் இரண்டு விரலை விரித்த மாதிரி ஒரு கவை வைத்து, தலை ஆடாமல் இருக்கப் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தேன். பழைய ஸ்டூடியோக்களிலும் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, என் கண்டுபிடிப்பு இல்லை. உடம்பு முன்னால் சரியாமல் இருக்க அத்தானின் பெல்ட்டை வயிற்றோடு சுற்றி நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். "என்னடா இது, பிளேன்லயா ஏறப்போறேன்?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தோம். நன்றாகத்தான் இருந்தாள்.

இனி நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் அந்த டியூபுக்கு வருகிறேன். லென்ஸைத் திறந்து மூட நான் ஒரு மூடி செய்திருந்தேன். பிரஷர் பார்க்கும் கருவியிலிருந்து எடுத்த ரப்பர் பந்து ஒன்று, அதிலிருந்து ஒரு டியூப். பந்தை அழுத்தினால் காற்று போய் மூடியைத் திறக்கும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அன்று காலை அந்த டியூப் வெடித்திருந்தது. அக்காவின் மருந்துப் புகை மெஷினில் அதே தடிமனில் ஒரு டியூப் உண்டு, நல்ல நீளம். விடிந்ததும் ஒருமுறை புகை பிடித்திருந்தாள், சாயங்காலம் வரை அது சும்மாதான் கிடக்கும். எடுத்து மாட்டினேன். அவளும் பார்த்தாள். "அது என் மெஷின் டியூப் மாதிரி இருக்கே?"

"மூணு நிமிஷம்க்கா. திருப்பி மாட்டிடறேன்."

"சரி சரி, சட்டுனு முடி. அவ வந்துடுவா."

மடியில் இன்ஹேலரை வைத்திருந்தாள், நீல நிறம். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு நீலம் என்றால் வெள்ளைதான். படத்தின் நட்டநடுவில் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு திட்டு விழும். அதனால் அதை எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்தேன், படத்தின் எல்லைக்குச் சற்று வெளியே. கை எட்டும் தூரம்தானா என்று நான் அளக்கவில்லை. படத்தில் விழாத தூரமா என்றுதான் பார்த்தேன்.

பிறகு ஃபிலிமைச் செருகினேன். "அசையாதேக்கா" என்றேன். பந்தை அழுத்தினேன்.

முதல் நிமிடம் அருமையாகப் போனது. இரண்டாவதில் இழுப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம், வருஷக்கணக்காகப் பக்கத்து அறையில் கேட்டுத் தூங்கியவன். படம் எடுக்கும்போது கண் கடிகாரத்தில் இருக்கவேண்டும், ஆளைப் பார்த்தால் மனசு கலையும். "தம்பி" என்றாள். வாய் அசைவுதானே, படத்தைக் கெடுக்காது. பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன், குரல் சரியாக வரவில்லை. நாற்காலிக் கால் தரையில் தேய்ந்த சத்தம் கேட்டது. அப்போது எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு பாடுபட்டு, கடைசி நேரத்தில் இப்படிச் செய்கிறாளே என்று இருந்தது.

அப்புறம் சத்தம் நின்றது.

கடிகாரத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கவை தலையைத் தாங்கியிருந்தது, பெல்ட் உடம்பைத் தாங்கியிருந்தது. தோள் ஏறி இறங்கவில்லை. இத்தனை மாதமாக நான் கெஞ்சிக் கேட்டது அதைத்தான்.

மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. ஆனால் நடுவில் ஆட்டம் இருந்ததே, அப்படியே மூடினால் பழையபடி முகம் கலைந்துதான் வரும். அதற்கு ஒரு வழி உண்டு. ஆடிய நேரத்தைவிட ஆடாத நேரம் பல மடங்கு அதிகமானால் ஃபிலிம் ஆடியதை மறந்துவிடும். கொஞ்சம் கறுத்துப் போகும், கழுவும்போது சரிக்கட்டலாம். எனவே பந்தை விடாமல் பிடித்திருந்தேன். இடது கை மேஜைப் பக்கம் நழுவிக் கிடந்தது, பார்வைக்கு நன்றாக இல்லை. டியூப் நீளமானதால் பந்தை அழுத்தியபடியே அவளிடம் போக முடிந்தது. கையை எடுத்து மடியில் வைத்தேன், புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன், திரும்பி வந்து நின்றுகொண்டேன். நான் படத்தில் விழவில்லை, பார்த்திருப்பீர்கள்.

இன்ஹேலர் பக்கத்திலேயே இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. மேஜை விளிம்புக்கு உருண்டு வந்திருந்தது, மேஜை விரிப்பும் கொஞ்சம் இழுபட்டிருந்தது. கீழே விழுந்து உடையக் கூடாதே என்று உள்ளே தள்ளி வைத்தேன்.

பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எடுத்த ஃபிலிமை உடனே கழுவிவிடுவது என் வழக்கம். அக்கா மகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தது அப்போதுதான். வாசல் சத்தம், அவள் கைப்பை கீழே விழுந்த சத்தம், அப்புறம் அலறல். கதவைத் தட்டு தட்டென்று தட்டினாள்.

"மாமா, கதவத் திறங்க மாமா. அம்மா பேச மாட்டேங்கறாங்க. அம்மாவ யாரு மாமா கட்டி வெச்சது?"

"ரெண்டு நிமிஷம்மா. இப்பத் திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிடும்."

அவள் வாக்குமூலத்தில் இதை ஒரு பெரிய குற்றம்போலச் சொல்லியிருக்கிறாள். படம் எடுப்பவர்கள் யாரைக் கேட்டாலும் நான் சொன்னது சரி என்பார்கள்.

மூச்சுக்கு அக்கா தவிப்பது எனக்குத் தெரியுமா என்பதுதானே உங்கள் கேள்வி. தெரியும். பந்திலிருந்து விரலை எடுத்திருக்கலாமா? எடுத்திருக்கலாம். அதற்குப் பலமே வேண்டாம். எடுக்காமல் பிடித்திருக்கத்தான் பலம் வேண்டும். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. நான்தான் செய்தேன், யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

படத்தைப் பற்றி மட்டும் நீங்கள் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. எவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது பாருங்கள். நெற்றிச் சுருக்கம், காதோரத்து நரை, மூக்குத்தியின் திருகுகூடத் தெரிகிறது. அவள் முகம் இப்போது முழுசாக இருக்கிறது. ஓரத்தில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறீர்களே, அக்காவின் தோளிலிருந்து மேஜைப் பக்கமாக வெள்ளையாக, புகை மாதிரி, விசிறி விரித்த மாதிரி ஒரு தடம். அது கை என்கிறீர்கள். திரும்பத் திரும்ப எட்டிப் பிடிக்கப் பார்த்த கை என்கிறீர்கள்.

அது கை இல்லை, மேடம். துருத்தியில் எங்கோ கசிவு. அத்தானின் கோட்டு பழைய துணி, மடிப்பில் விட்டிருக்கும். ஒரு துண்டு கறுப்பு டேப் கொடுங்கள், இங்கேயே ஒட்டிக் காட்டுகிறேன். அக்கா அசையவே இல்லை. நான்தான் அசையாதே என்று சொல்லியிருந்தேனே.